வசியம் அல்ல, வைத்தியம்!



ஹிப்னாடிசம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் ஒருவர் கண்முன்னே சங்கிலியில் கடிகாரத்தை ஆட்டுவார். பார்த்தவர் சாவி கொடுத்த பொம்மை மாதிரி சொன்னதையெல்லாம் செய்வார். எங்கள் அந்தியூர்ப் பக்கம் இதற்கு 'வசியம்' என்றே பேர். உண்மை வேறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஜமுக்காளத் தறியில் கூலிக்கு நெய்கிறார். எழுத்துத் தேர்வென்றால் எனக்குப் பயமில்லை. வைவா என்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எக்ஸாமினர் ஆங்கிலத்தில் ஓம் விதியைக் கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். இதற்கிடையில் ஒரு நோட்டீஸைப் பற்றி அம்மா யாரிடமோ கேட்டு வந்தார். மூன்றே நாளில் ஹிப்னாடிசத்தால் பயம் நீங்கும், ஞாபகசக்தி பெருகும், கட்டணம் ஐயாயிரம் ரூபாயாம். "அம்மிணி, சினை ஆட்டை வித்துப்போட்டுக் கட்டிரலாம். உன்ற பயம் போனாச் சரி" என்றார். ஆட்டை விற்குமுன் விஷயம் என்னவென்று பார்ப்போம் என நூலகத்தில் தேடினேன்.

முதல் ஆச்சரியம்! இதற்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் 1756ல் கோவாவில் பிறந்த அபே ஃபரியா என்ற பாதிரியார். உடம்பில் ஓடும் ஒருவகைக் காந்தசக்தியைச் சரிசெய்தால் நோய் தீரும் என்று மெஸ்மர் என்ற வைத்தியர் அதற்கு முன்பே பிரபலமாக்கியிருந்தார். ஃபரியாவோ 1813ல் பாரிஸில் சொற்பொழிவாற்றி, சக்தி வைத்தியரிடம் இல்லை, மனதைக் குவித்து வார்த்தையை ஏற்கிறவரிடமே இருக்கிறது என்றார். பனாஜியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவரைப் பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். இளம் வயதில் போர்ச்சுகல் ராணி முன்னால் பிரசங்கம் செய்ய ஏறியவருக்கு வாயடைத்துப் போனதாம். 'எல்லாம் வெறும் காய்கறிதான், நறுக்கித் தள்ளு' என்கிற மாதிரி அப்பா கொங்கணியில் முணுமுணுக்க, பயம் பறந்து பேச்சு வந்ததாம். தாய்மொழியில் ஒரு வார்த்தை! வைவாவில் நிற்கும் நமக்கு இது புரியாதா?

சரி, இது எப்படி வேலை செய்கிறது? ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் எத்தனையோ அலைகள் இருந்தாலும் ட்யூன் செய்த நிலையம் மட்டுமே கேட்கும். அதுபோல் மனம் ஒரே எண்ணத்தில் குவிய, மற்றவை பின்னுக்குப் போகின்றன. இது தூக்கம் அல்ல. பேசுவது காதில் விழும். அப்போது சொல்லப்படும் ஆலோசனை எளிதில் பதிகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பதிவதில்லை.

மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்னே, 1845ல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் மெஸ்மரிச முறையில் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறு வருஷமே ஈதர் வந்ததும் இம்முறை பின்தங்கியது. 1955ல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் ஹிப்னாடிசத்துக்குச் சிகிச்சையில் இடமுண்டு என ஏற்றது. வலி, ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றம், மருந்துக்குக் கட்டுப்படாத ஐ.பி.எஸ். என்ற குடல் தொந்தரவு ஆகியவற்றில் இது துணை சிகிச்சையாகப் பயன்படுகிறது.

ஆனால் ஞாபகசக்தி? இங்கேதான் உஷார்! ஹிப்னாடிசத்தில் நடக்காததும் நடந்ததாக ஞாபகம் வரலாம், அதுவும் முழு நம்பிக்கையோடு. படிக்காத பாடம் எந்த மயக்கத்திலும் வராது. மனநோய் தீவிரமாக உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே மனநல மருத்துவர் அல்லது முறையாகப் படித்த மனநல உளவியலாளரிடம் மட்டுமே போக வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஆடு கொட்டகையிலேயே இருக்கிறது. நான் தினமும் படுக்குமுன் கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டு, வைவா அறைக்குள் நுழைந்து முதல் கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துப் பார்க்கிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் போன செமஸ்டரில் முதல் இரண்டு பதில்கள் தடங்காமல் வந்தன.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டயதாரிகள். நம் பயத்தை விலை பேச ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பணத்தை எடுக்குமுன் புத்தகத்தை எடுப்போம். தேவையென்றால் கூச்சமின்றி டாக்டரைப் பார்ப்போம். நம் மனதின் ட்யூனர் நம் கையில்தான்!