அடுப்படியில் வளர்ந்த விசுவாசம்

பரீட்சை வந்தால் மாணவர்கள் முதலில் தள்ளிப்போடுவது வேதவாசிப்பையும் ஜெபத்தையும்தான். "எல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மனசு சொல்லும். சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கை இதற்கு நேர் எதிர்!

லொரைன் பகுதியில் பிறந்தவர். போர்வீரராக இருந்து காயம்பட்டவர். 1640-ல் பாரிஸில் கார்மேல் சபையின் மடத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ சமையல் வேலை. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் பல வருடங்கள் அதையே செய்தார்.

இடைவிடாமல் ஜெபிக்கும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார் அல்லவா? லாரன்ஸ் அதை அடுப்படியில் செய்து பார்த்தார். வேலை நடக்கும்போதே மனதுக்குள் தேவனோடு பேசினார். ஜெபநேரம் வேறு, வேலைநேரம் வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

உடனே பலன் கிடைத்ததா? இல்லை. முதல் பத்து வருடங்கள் பயமும் வேதனையும்தான். மனம் சிதறும். தன்னையே நொந்துகொண்டு உட்காராமல், மறுபடியும் தேவனிடம் திரும்புவார். அவ்வளவுதான் அவருடைய ரகசியம். 1691-ல் அவர் இறந்தபின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமாக வந்தன.

கடைக்கணக்கை வருடக் கடைசியில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோயிருக்கும். அன்றைய வரவை அன்றே பதிய வேண்டும். விசுவாசமும் அப்படித்தான். பரீட்சை நாளும் ஒரு நாள்தானே!