வாளிக்குள்ளை ஊறும் கல்

இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குக் கல் அடுக்க மூண்டு கிழமையாப் பேப்பரிலை கீறிக்கொண்டிருக்கிறன். கடலிலை போய் முருகைக்கல் உடைச்சுக்கொண்டு வா எண்டு சொல்லவும் ஆக்கள் இருக்கினம். இலங்கையில் அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாட்டிலும் செய்யமாட்டன். 1998இல் கடல் சூடேறி எவ்வளவோ பவளம் வெளிறிச் செத்தது, மிஞ்சினதையும் நாங்களே உடைக்கிறதோ?

முருகைக்கல் எங்களுக்குப் புதுசில்லைத்தான். யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கோ, நெடுந்தீவு வேலியளைப் பாருங்கோ. இணுவிலில் கிணறு வெட்டினால் வாறதும் பழைய கடலின்ரை சுண்ணாம்புக்கல். எங்கடை வளவிலையே கிடக்கு. ஆனால் அது தோட்டத்து மண்ணுக்குள்ளை கிடந்த கல். உரத்தின்ரை நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஊறியிருந்தால் தொட்டி முழுக்கப் பாசிதான். அதாலை வாளியிலை ஊறப்போட்டு, தண்ணி மாத்தி மாத்திச் சோதிக்கிறன்.

அடுக்கு இதுதான்: ரெண்டு மேடு, நடுவிலை நீரோட வழி. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையிலை பாசி சுரண்டக் கை போகவேணும். அடிக்கல் நேரே கண்ணாடியிலை இருக்கும், மணல் பிறகு. இல்லாட்டி தோண்டுற மீன் எல்லாத்தையும் சரிச்சுப்போடும். கல்லை நெருக்கி அடைக்கவும் கூடாது. மீன்கழிவின் அமோனியாவை மாற்றுகிற பற்றீரியா குடியிருக்கிறது அந்தத் துளைகளுக்குள்ளைதான், அதுகளுக்கு ஓடுற நீர் வேணும்.

அம்மா கேக்கிறா, "கல்லோ வளர்க்கிறாய்?" எண்டு.