மாமூல் பாதை

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் நூறு அடிதான் கஷ்டம். கண்டெய்னர் லாரி காற்றிலேயே ஆளைத் தள்ளிவிடும். தெற்கே திரும்பி செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல் ஏறிவிட்டால் அந்த இரைச்சல் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. பிறகு ஆட்காட்டிக் குருவியின் கத்தல் மட்டும். ஷூ வேண்டாம், வார் வைத்த செருப்பு போதும். கையில் ஒரு குச்சி. அது நாய்களுக்கு.

*

கரையில் தெற்கு நோக்கி நடந்தால் வலக்கைப் பக்கம் தண்ணீர், இடக்கைப் பக்கம் பள்ளத்தில் வயலும் வீடும் கம்பெனிக் கூரைகளும். ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் இடப்பக்கம் பார்க்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது, கூரைகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

*

முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. அந்த எண் பேப்பரில் வருவது. ஊர்க்காரர்கள் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். மொத்தம் 24 அடி. ஐப்பசி, கார்த்திகையில் டீக்கடையில் “இன்னா, இருபத்தி ரெண்டு தொட்டுச்சா?” என்று ஒருவர் கேட்டால் யாரும் எதை என்று திருப்பிக் கேட்பதில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்துவிட்டார்கள். 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கி வெள்ளமானதற்குப் பிறகு வந்த எச்சரிக்கை அது. மதகு திறக்கும் நாட்களில் கரைப் பக்கம் ஆளை விட மாட்டார்கள். மழைக்காலத்தில் நடைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

5 கண் மதகு, 19 கண் மதகு. மதகுக்குக் கண் வைத்தவன் யாரோ, நல்ல ரசிகன்.

*

அண்ணன் மகன் இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறான். போட்டோ அனுப்பியிருந்தான். யாரோ ஒருவருடைய புல்வெளி, ஓரத்தில் ஆடுகள், நடுவே ஒற்றையடிப்பாதை, முனையில் ‘பொது நடைபாதை’ என்று ஒரு மரக்கம்பம். வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்க இரண்டு பலகைப் படி. “சித்தப்பா, நிலம் அவருதுதான், ஆனா யார் வேணும்னாலும் நடக்கலாம். கதவு இருந்தா சாத்திட்டுப் போகணும், அவ்ளோதான்” என்றான்.

சும்மா வந்துவிடவில்லை அது. 1932 ஏப்ரல் 24 அன்று, அவன் இருக்கும் அதே பக்கத்தில், கிண்டர் ஸ்கவுட் மேட்டில் சுமார் நானூறு பேர் தடையை மீறி நடந்தார்கள். மேடு பண்ணையார்களின் வேட்டைக்காடு. நடந்தவர்களில் பெரும்பாலோர் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1949இல் சட்டம் வந்தது. எந்த வயலில் எந்தப் பாதை என்று மாவட்டவாரியாக வரைபடம் போட்டு வைத்தாக வேண்டும் என்றது. அதில் ஏறிய பாதையை நிலத்துக்காரர் நினைத்தபடி அடைத்துவிட முடியாது.

*

நமக்கும் இருக்கிறது, காகிதத்தில். பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். நான்கெல்லை எழுதி முடித்த கையோடு, மாமூல் வழிநடை பாத்தியம் என்று ஒரு தொடர் வரும். வழக்கமாக நடந்து வந்த வழியில் இனியும் நடக்கலாம் என்று பொருள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும், இருபது வருஷம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த வழி என்றால் அது உரிமையாகிவிடும் என்கிறது. கிராமத்துப் புறம்போக்குக் கணக்கிலும் வண்டிப்பாதை, நடைபாதை என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாதை கணக்கில் படுத்திருக்கிறது, தரையில் பிளாட் எழுந்திருக்கிறது.

மாமூல் என்ற சொல்லுக்கு இன்று வேறு அர்த்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. வழக்கம் என்பது எப்படி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.

*

ஏரியைச் சுற்றி எத்தனை பெரியவர்கள்! வடக்கே திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர். தென்கிழக்கே குன்றத்தூர், சேக்கிழார். வடகிழக்கே பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள்.

நடைக்காரர்கள் கும்பிட வேண்டியவர் நம்பிகள்தான். நந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுத்து, தினமும் பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சி வரதருக்கு நடந்தே கொண்டுபோனார் என்பது சம்பிரதாயக் கதை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தள்ளாத வயதில் அவரால் முடியாதபோது வரதரே இங்கு வந்துவிட்டாராம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வரதர் வந்ததுகூட இல்லை, வழிதான். அத்தனை கரை, அத்தனை வரப்பு, அத்தனை பனைமர வரிசையைக் கடந்து போன பூ வாடாமல் போயிற்றா?

*

வெயில் ஏறுவதற்குள் ஒரு சிறிய ஏற்றம் வேண்டும் என்றால் குன்றத்தூர் முருகன் மலை. 84 படி. மலை என்பது மரியாதைக்கு. முழங்கால் வலிக்காரர்களும் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிடலாம். இறங்கியதும் சேக்கிழார் கட்டிய நாகேசுவரர் கோயில். கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் சொந்த ஊரில் எழுப்பியது. மதில் நிழலில் நடப்பதே சுகம்.

*

2019 ஜூன். ஏரியே பாதையாகிவிட்ட கோடை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் பாளம் பாளமாக வெடித்த தரை. உள்ளே வெகுதூரம் நடந்துபோனேன். காலடியில் நத்தை ஓடு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் கரை, கோட்டைச் சுவர்போல உயரத்தில். அந்த நடையை எளிது என்று சொல்ல வாய் வரவில்லை.

*

பறவைக் கணக்கு, இன்றைக்கு: நீர்க்காகம் கணக்கில்லை. அரிவாள்மூக்கன் ஏழு. பாம்புத்தாரா ஒன்று, சிறகை விரித்துத் துணி காயப்போட்டதுபோல. கூழைக்கடா இல்லை. திரும்பும்போது கரையோரம் ஜிலேபி மீன் கூறு போட்டு விற்றார்கள். வாங்கினால் அடுத்த நடைக்கும் வீட்டில் அனுமதி கிடைக்கும். வாங்கினேன்.

*

கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் போகும் வண்டிப்பாதை ஒன்றைத் தேடினேன். முன்பு இரண்டு பக்கமும் எருக்கும் ஆவாரையுமாக இருந்த பாதை. இப்போது காம்பவுண்டு சுவர். முழித்துக்கொண்டு நின்றபோது மாடு ஓட்டி வந்த ஆயா ஒருத்தி நின்றாள்.

“இன்னா நைனா, வழி தெரியலியா?”

“இங்க ஒரு பாதை இருந்துச்சே ஆயா.”

“இருந்துச்சா? இருக்குது. இந்தாண்ட வா.”

சுவரின் கோடியில் நான்கு ஹாலோ பிளாக் கல் பெயர்ந்த ஓர் ஓட்டை. மாட்டைச் சுற்றிப் போகும்படி தட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆயா குனிந்து நுழைந்தாள். பின்னாலேயே நான். அந்தப் பக்கம் பிளாட் எண் எழுதிய கற்களுக்கு நடுவே புல் முளைக்காத ஒரு கோடு, பழைய பாதை எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்து ஊருக்குப் போயிற்று.

*

அடுத்த ஞாயிறு. ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். சுவரின் இந்தப் பக்கம் யாரோ இரண்டு கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். ஏறி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் இரண்டு.