அடையாளம் கேட்கிறவன் வீட்டில் ஒரு ஸ்னோஃப்ளேக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபியும் கையுமாக உட்கார்ந்து பிராட்பேண்ட் கணக்கைப் பார்த்தால், டேட்டா உபயோகம் வழக்கத்தைவிட எகிறியிருந்தது. வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு ஒரு எண் உதைத்தால் காபி இறங்காது. தங்கமணியைக் கேட்டேன். "நான் சீரியல் பார்க்கிறதையே குத்திக் காட்டணும்னா நேராச் சொல்லுங்க" என்று அங்கிருந்து ஒரு அர்ச்சனை. சரி, குற்றவாளி அவர் இல்லை :-)

மகள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். வீட்டில் ஓய்வுபெற்ற பழைய லேப்டாப் ஒன்றை ஹாலில் ராப்பகலாக ஓடவிட்டிருந்தாள். பிரௌசர் மூலையில் குட்டியாக ஒரு பனித்துகள் படம். அதைத் தட்டினால், கடந்த 24 மணி நேரத்தில் 11 பேருக்குத் தணிக்கையைத் தாண்ட உதவியிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

"யாரும்மா இந்தப் பதினோரு பேர்?"

"தெரியாதுப்பா."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது. ஈரானா இருக்கலாம், ரஷ்யாவா இருக்கலாம்."

எனக்கு வியர்த்துவிட்டது. என் பிழைப்பே நீ யார், உன் முகவரி என்ன, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான். கேஒய்சி இல்லாமல் ஒரு சேமிப்புக் கணக்குகூடத் திறக்கமாட்டேன். சந்தேகமான பரிவர்த்தனை என்றால் 2002ஆம் வருஷத்து பணமோசடித் தடுப்புச் சட்டப்படி மேலே எழுதி அனுப்புகிற ஆள். என் வீட்டு இணைப்பு வழியாக முகம் தெரியாத பதினோரு பேர் போய் வருகிறார்கள்! நாளைக்குப் போலீஸ் வந்து கதவைத் தட்டினால்?

"முதல்ல அதை ஆஃப் பண்ணு" என்றேன். பண்ணினாள். ஆனால் முகம் போன போக்கு சரியில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அவளுக்கும் எனக்கும். சாயங்காலம் நானே போய், "சரி, உட்காரு, என்னன்னு சொல்லு" என்றேன். அவள் சொன்னதும், அடுத்த இரண்டு வாரம் நான் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

டோர் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் 90களில் பிறந்த யோசனை. 2006 முதல் டோர் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. நம் தகவல் மூன்று கணினிகள் வழியாகத் தாவித் தாவிப் போகும். யார் அனுப்பியது, எங்கே போகிறது என்ற இரண்டும் அதில் எந்த ஒரு கணினிக்கும் சேர்ந்து தெரியாது. ஆனால் அந்தக் கணினிகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. ஒரு அரசாங்கம் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக அடைத்துவிடலாம். அடைக்கவும் செய்தார்கள்.

அங்கேதான் டோரின் தணிக்கை எதிர்ப்புக் குழுவுக்கு வேலை. பட்டியலில் வராத நுழைவாயில்களை 'பிரிட்ஜ்' என்று வைத்தார்கள். 2012 பிப்ரவரியில் ஈரான் குறியாக்கம் செய்த இணைப்புகளையே நெரித்தபோது, எதைப் போலவும் தெரியாத மாதிரி தகவலைக் குழப்பி அனுப்பும் ஆப்ஸ்ப்ராக்ஸி வந்தது. பெரிய நிறுவனத்தின் முகவரியைக் கவர் மேலே எழுதி, உள்ளே வேறு முகவரி வைத்து அனுப்புகிற உத்தி ஒன்று. 2018இல் கூகுளும் அமேசானும் தங்கள் பெயரை அப்படிப் பயன்படுத்த விடமாட்டோம் என்று கதவைச் சாத்தின. வேறு கதவு தேடினார்கள். 2024 மார்ச்சில் வெப்டனல் என்று இன்னொன்று. சாதாரணமாக யாரோ வெப்சைட் பார்ப்பது போலவே வெளியே தெரியும்.

என் மகள் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்னோஃப்ளேக், 2021 ஜூலையில் டோர் பிரௌசரோடு நிலையான பதிப்பாகச் சேர்ந்தது. தெஹ்ரானில் இருக்கிற ஒருவர் இணைப்பு கேட்டால், 'ப்ரோக்கர்' என்ற சர்வர் (நம்ம ஊர் வீட்டு புரோக்கர் வேலையேதான்) சும்மா இருக்கிற ஒரு தன்னார்வலரின் பிரௌசரைக் காட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே போவது வீடியோ கால் போகிற அதே வெப்ஆர்டிசி தொழில்நுட்பம். அதை ஒட்டுமொத்தமாக அடைத்தால் ஊரில் வீடியோ காலும் படுத்துவிடும். தன்னார்வலர்கள் வீடுகளில் இருக்கிறவர்கள். முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் லேப்டாப்பை மூடினால் இன்னொருவர் கிடைப்பார். பட்டியல் போட்டு முடியாது.

என் போலீஸ் பயத்துக்கும் பதில் இருந்தது. நம் வீடு அந்தத் தகவலை டோரின் பிரிட்ஜுக்குக் கடத்திவிடுவதோடு சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. அவர் கடைசியாகப் போய்ச் சேரும் வெப்சைட்டுக்குத் தெரிவது டோரின் கடைசிக் கணினி முகவரிதான், நம் வீட்டு முகவரி இல்லை.

இதைவிட என்னைப் பிடித்து இழுத்தது வேறு. 2021 டிசம்பரில் ரஷ்யா டோரை அடைக்க ஆரம்பித்தது. ஸ்னோஃப்ளேக்கும் மாட்டியது. எப்படி? இணைப்பு தொடங்கும்போது இரண்டு பக்கமும் கைகுலுக்கிக்கொள்ளும் தகவலில், நிஜ பிரௌசர்கள் அனுப்பாத ஒரு சின்ன வரியை ஸ்னோஃப்ளேக் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துப் பிடித்துவிட்டார்கள். குழு அதைக் கண்டுபிடித்துத் திருத்தியது. 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி இறந்து ஈரானில் போராட்டம் வெடித்தது. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் அடைத்தார்கள். ஸ்னோஃப்ளேக் பக்கம் கூட்டம் திரண்டது. அப்போது கிட்டத்தட்ட மொத்தப் பாரமும் ஒரே பிரிட்ஜ் சர்வரின் தலையில். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற மாதிரி அதைச் சரிசெய்தபடி ஓட்டினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஒரே நாளில் பயனர் எண்ணிக்கை சரிந்தது. மறுபடி அதே கதை: கைகுலுக்கும் விதத்தில் ஒரு வித்தியாசம். மறுபடி திருத்தம்.

படித்துவிட்டுச் சிரித்தேன். கொஞ்சம் நெளியவும் செய்தேன். செக் கவுன்டரில் வருஷக்கணக்காக நான் செய்த வேலை அது. கையெழுத்து அச்சு அசலாக இருக்கும். ஒரு சுழி மட்டும் எதிர்த்திசையில் போயிருக்கும். நிறுத்திவிடுவேன். அடைக்கிறவனும் அதைத்தான் செய்கிறான். கண்ணும் பொறுமையும் எனக்கும் அவனுக்கும் ஒன்று. நான் காப்பாற்றுவது வாடிக்கையாளரின் பணத்தை, அவன் காப்பாற்றுவது நாற்காலியை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் டோரைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதும் நிஜம். சைபர் மோசடியில் சேமிப்பைப் பறிகொடுத்துவிட்டு என் மேஜை முன்னால் அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளிடம் இதைச் சொன்னேன். மழுப்பாமல் ஒத்துக்கொண்டாள். "பூட்டு திருடன் வீட்டுக்கும்தான் இருக்குப்பா. அதுக்காக யார் வீட்டுக்கும் பூட்டு வேண்டாம்னு சொல்வீங்களா?" என்றாள்.

பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கமணி சமையலறையிலிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஜெய்ப்பூர்."

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2021 செப்டம்பரில் ஜெய்ப்பூருக்கு மாற்றலாகிப் போன புதுசு. வீட்டுக்கு பிராட்பேண்ட் இன்னும் வரவில்லை. 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ராஜஸ்தானில் ரீட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. வினாத்தாள் கசியக்கூடாது என்று பல மாவட்டங்களில் மொபைல் இன்டர்நெட்டைப் பகல் முழுக்க நிறுத்திவிட்டார்கள். பத்து மணிக்குத் தம்பி தஞ்சாவூரிலிருந்து போன் செய்கிறான். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சுத் திணறுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க, எங்கிட்ட பத்தலைண்ணே." ஊருக்கெல்லாம் பணம் அனுப்பி வைக்கிறவன் கையில் போனை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். யுபிஐ இல்லை, நெட் பேங்கிங் இல்லை. கடைசியில் சென்னையில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டு, அவர் தன் கணக்கிலிருந்து அனுப்பினார். அம்மா பிழைத்தார். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் தம்பி கவுன்டர் முன்னால் நின்றது இன்னும் போகவில்லை. நாங்கள் பரீட்சை எழுதவில்லை, போராட்டம் பண்ணவில்லை. எங்களை யாரும் குறிவைக்கவும் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஸ்னோஃப்ளேக் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இணைப்பே இல்லாத இடத்தில் இந்தக் கருவிகள் வேலை செய்யாது. சில கதவுகளை மட்டும் சாத்தியிருக்கும் இடத்தில்தான் இவை வழி கண்டுபிடிக்கும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டிலிருந்து மாதக்கணக்கில் மொத்தமாக அணைத்து வைத்திருந்தபோது எந்தக் குழு என்ன செய்துவிட முடியும்? ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அம்மாவுக்குச் செய்தி அனுப்பத் தவிக்கிறவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது எனக்குத் தெரியப்போவதில்லை. அடையாளம் கேட்டே பழகியவனுக்கு அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்போது மகளிடம் சொன்னேன்: "ஓட்டிக்கோ. ரெண்டு கண்டிஷன். என் ஆபீஸ் லேப்டாப் பக்கம் அது வரக்கூடாது. டேட்டா கணக்கு மாசாமாசம் எனக்குக் காட்டணும்."

"ஆடிட்டா?" என்றாள்.

"ஆமா, ஆடிட்."

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், ஹாலில் அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். 9 பேர். யார், எந்த ஊர் என்று இந்த முறை யாரையும் கேட்கவில்லை. ப்ளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

டிஸ்கி: அடியேன் பி.காம். தொழில்நுட்ப விளக்கத்தில் பிழை இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் திருத்தவும். மகளும் இதைப் படிப்பாள், எனவே கொஞ்சம் மரியாதையாகத் திருத்தவும் :-)