போர்ட்டில் தங்கிய எண்

ரோபோவின் கையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்த்தும் வரிகளை, சூளூர்பேட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பயிற்சிக்கு வரும் பையன்கள் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஓர் எண்ணை வாங்கி, அதை நம்பி நகரும் வரிகளை எழுதத்தான் நாளாகிறது.

தடாவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஸ்ரீசிட்டி. முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். இசுசு வண்டிகள் இங்கே தயாராகின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்டப் பெட்டிகளில் பெரும்பகுதி இங்குள்ள அல்ஸ்டாம் ஆலையிலிருந்து போனது. நான் பார்ப்பது உதிரிபாக வெல்டிங். ஒரே லைனில் பல மாடல்கள் கலந்து வரும். வந்து நிற்பது எது என்று ரோபோவுக்கு யாராவது சொல்ல வேண்டும்: ஸ்கேனர் போர்ட் வழியாகச் சொல்லும், அளவுகளை ஃபைல் சொல்லும்.

ஏபிபி ரோபோக்களின் மொழி ராபிட், 1994-இல் வந்தது. அதில் ஃபைலைத் திறந்து ‘ரீட்நம்’ என்று எழுதினால் ஒரு வரியைப் படித்து எண்ணாகக் கொடுத்துவிடும். ஃபைல் முடிந்துபோயிருந்தால்? அப்போதும் ஓர் எண்தான் வரும்: 9.998-ஐ 10-இன் 36-ஆம் அடுக்கால் பெருக்கியது. முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதைச் சோதிக்காமல் நகரும் தூரமாகக் கொடுத்தால், எட்டாத இடம் என்று கன்ட்ரோலரே நிறுத்திவிடும். ஆனால், ‘தகட்டின் தடிமன் இவ்வளவுக்கு மேல் இருந்தால் சரி’ என்று ஒரு சோதனை எழுதியிருந்தால், அந்த ராட்சத எண் தேர்ச்சி பெற்றுப் போய்விடும். அதனால் கீழெல்லை எழுதும் இடத்திலெல்லாம் மேலெல்லையும் எழுதச் சொல்கிறேன்.

பார்கோடை எண்ணாகப் படிக்கவே கூடாது. ராபிட்டின் சாதாரண எண் வகை 83,88,608 வரைதான் முழு எண்ணைப் பிசகாமல் வைத்திருக்கும். பத்து இலக்கக் கோடு உள்ளே போனால் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போய்விடும். ‘ரீட்ஸ்டர்’ கொண்டு எழுத்துச் சரமாகப் படித்து, நீளத்தைச் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சரத்துக்கும் 80 எழுத்துதான் எல்லை.

போர்ட்டில் காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ‘ரீட்நம்’ 60 விநாடி காத்திருக்கும். ஓடுகிற லைனில் அது மிக நீண்ட நேரம். ஆபரேட்டர் ரோபோ கெட்டுவிட்டது என்று நினைத்து ரீசெட்டை அழுத்திவிடுவார். நான் இரண்டு மூன்று விநாடிதான் கொடுப்பேன். வராவிட்டால் மறுபடி ஒருமுறை ஸ்கேன். அதற்கும் வராவிட்டால் ரோபோவின் கைத்திரையான பென்டன்டில் செய்தி.

வராத தரவு லைனை நிறுத்தும். குப்பையாக வந்த தரவும் நிறுத்தும். இரண்டையும் எல்லாரும் பார்த்துவிடலாம். எனக்குப் பயம் மூன்றாவதில். ஸ்கேனர் ஒரே பாகத்தை இரண்டு முறை படித்து அனுப்பியிருக்கும். முதல் வரியை ரோபோ எடுத்துக்கொள்ளும், இரண்டாவது, போர்ட்டின் பஃபரில் தங்கிவிடும். அடுத்த பாகம் வரும்போது ரோபோ படிப்பது முந்தைய பாகத்தின் கோடு. நீளம் சரி, எழுத்துகள் சரி, மாடல் பட்டியலிலும் இருக்கிறது. எந்தச் சோதனையும் பிடிக்காது. ஒரே மாடல் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும் வரை வெளியேயும் தெரியாது. மாடல் மாறும் அந்த முதல் பாகத்தில் வெல்டு வேறிடத்தில் விழும். அதுவும் தகட்டுக்குள் மறைந்த இடமாக இருந்தால், தரச் சோதனைக்காரர் கண்ணுக்கும் தப்பும்.

இதற்கு வரிசைதான் மருந்து. முதலில் பஃபரைக் காலி செய், பிறகு ஸ்கேனரைத் தூண்டு, பிறகு படி. தூண்டிய பின் காலி செய்தால் வந்த புதிய எண்ணே போய்விடும். “ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?” என்று பையன்கள் கேட்கும்போது, இரண்டு வரிகளையும் இடம் மாற்றி ஓட்டிக் காட்டுகிறேன்.

படித்த ஒவ்வொரு கோடையும் நேரத்தோடு ஒரு லாக் ஃபைலில் சேர்க்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் திறந்து, எழுதி, மூடிவிடுவேன். மின்சாரம் போனாலும் அதுவரை எழுதியது இருக்கும். மூன்றாம் ஷிப்டில் ஸ்கேனர்காரரும் நானும் யார் பக்கம் பிசகு என்று பேச உட்காரும்போது, நாங்கள் முதலில் திறப்பது அந்த ஃபைலைத்தான்.