ஜெராய் மலை ஓடையிலே

எங்கள் தோட்டத்து லயத்து வாசலில் நின்றாலே ஜெராய் மலை தெரியும். உயரம் 1,217 மீட்டர். அந்நாளில் கடாரம் தேடி வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதில் ஏறிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை. 2018இல் ஒரு சனிக்கிழமை ஆறாமாண்டு மாணவர்கள் எட்டுப் பேரை அழைத்துச் சென்றேன். துணைக்கு ஒருவனின் பாட்டியும் வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இந்த வயதில் இவருக்கு எதற்கு மலை என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதி மலை ஏறித் திரும்பும்போது ஓடை நடுவே ஒரு பாறையில் அமர்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். நல்ல வெயில். பாட்டி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரையா, தண்ணி கலங்குது, சருகு வருது. பிள்ளைங்கள கரையேத்துங்க."

"மழையே இல்லையே, பாட்டி?"

"இங்க இல்ல. மேல பேயுது!"

அந்தக் குரலுக்குப் பயந்துதான் எழுந்தேன். கடைசிப் பையனைக் கரைக்கு இழுத்த சற்று நேரத்தில் இரைச்சலோடு வெள்ளம் வந்தது. பாறையே தெரியவில்லை. மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். 18.8.2021இல் இதே மலையிலிருந்து யான் பக்கம் மரமும் பாறையுமாய் இறங்கிய வெள்ளம் ஆறு உயிர்களைக் கொண்டுபோனது.

வீடு திரும்பும்வரை பாட்டி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெற்றோர்களிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு தாய் மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.