பீச்சாங்கையும் நாலு கோடு நோட்டும்

போன மாதம் முழுக்க ஒன்றும் எழுதவில்லை, உடம்புக்கு என்ன என்று ரெண்டு பேர் போன் பண்ணிவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி டீச்சர் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். சம்பளம் ஒரு டம்ளர் காபி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் குடும்பம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் மணி அடித்தால் வரிசையில் நிற்க வைத்தவள் நான். ஆனால் பெரியவனோடு பத்து நிமிஷம் பேசியதும் வாயடைத்துப் போனேன். பதின்மூன்று வயது. காவிரி எங்கே பிரிந்து கொள்ளிடம் ஆகிறது, கல்லணை என்ன வேலை செய்கிறது என்று எனக்கே பாடம் எடுத்தான். கையெழுத்து மட்டும்தான் கோழி கிளறினதுபோல இருந்தது.

அவனுடைய அம்மாவின் கவலை அழகு இல்லை. அடுத்த வருஷம் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யப் போகிறார்கள். பாடம் எல்லாம் கம்ப்யூட்டரில் படித்தாலும் பரீட்சையை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேனாவால்தான் எழுத வேண்டும். இவனுக்கு அரைப் பக்கத்திலேயே கை கடுக்கிறது. “தெரிஞ்சும் எழுத முடியாம வந்துடுவானோன்னு பயமா இருக்கு டீச்சர்” என்றாள்.

அவன் எழுதின தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். கையில் புடைப்பு தட்டியது. வியாதி அதுதான், அழுத்தம். கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறவனுக்குத் தோள் எப்படி நகரும்? விரல்தான் எல்லாப் பாரத்தையும் தூக்கும். பரணில் கிடந்த மாமனாரின் கணக்குப்பிள்ளை மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறித் தெப்பக்குளம் பக்கம் போய் நாலு கோடு நோட்டு ஒரு டஜன், ஒரு மை பேனா, ஒரு பாட்டில் மை வாங்கி வந்தேன். மை பேனாவை அழுத்தினால் நிப்பு பிளந்துவிடும். நான் சொல்லித் திருந்தாதது அதில் திருந்தியது.

கர்சிவை ஏ, பி, சி வரிசையில் சொல்லிக் கொடுக்காதீர்கள். பேரப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கை போகிற வழியை வைத்து எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். கீழிருந்து ஏறுகிற ஐ, யூ முதலில். இடப்பக்கமாக வளைகிற சி, ஏ, டி, ஜி பிறகு. குன்று மாதிரி ஏறி இறங்கும் என், எம். கண்ணி போடுகிற எல், இ, ஹெச். கடைசியில் தகராறு பிடித்த ஓ, வி. இவை மேலேயே கை நீட்டி அடுத்த எழுத்தைப் பிடிக்கும், அதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். பெரியவனுக்கு முழுக் கர்சிவ் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாதி சேர்த்து, பாதி பிரித்து, படிக்கிற மாதிரி எழுதினால் போதும். இப்போது ஒன்றரைப் பக்கம் வலிக்காமல் எழுதுகிறான்.

இந்தப் பதிவு அவனைப் பற்றியும் இல்லை. சின்னவளைப் பற்றி. எட்டு வயது. முதல் நாள் பென்சிலைக் கொடுத்தேன், இடது கையால் வாங்கிக்கொண்டாள். எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது.

1986. மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் பீச்சாங்கையால் எழுதுவான். அழகாகவே எழுதுவான். நான் மாற்றினேன். இடது கையை மேசைக்கடியில் வைக்கச் சொல்வேன், மேலே வந்தால் மர ஸ்கேலால் தட்டுவேன். ஆறு மாதத்தில் வலது கைக்கு வந்துவிட்டான். அவன் அம்மா வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து, “சோத்தாங்கைக்குக் கொண்டு வந்துட்டீங்க டீச்சர்” என்று கும்பிட்டாள். அந்த வருஷக் கடைசியில் ரேங்க் கார்டில் நானே எழுதினேன், ‘கையெழுத்து சரியில்லை’ என்று. அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் கை தூக்குகிற பையன். பிறகு அவன் கை தூக்கினதாக ஞாபகம் இல்லை.

பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய். இதைப் பற்றி ஒரு வரிகூட அங்கே சொல்லித் தரவில்லை. நான் படிக்கிறபோதுதான், 1978-ல், எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. தும்பிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும் போய் இப்போதைய எழுத்து வந்தது. வருஷக்கணக்கில் பழகின கை மறுபடி பழையதற்கே ஓடும். பழகின கையை மாற்றுவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்கே தெரியும். தெரிந்தும்தான் அந்தப் பிள்ளையைத் தட்டினேன்.

சின்னவளுக்கு நான்தான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தாளை இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். நாம் சாய்ப்பதற்கு எதிராக, தாளின் தலை வலப்பக்கம் சாய வேண்டும். பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தால் எழுதினது கண்ணுக்குத் தெரியும். கை வரிக்குக் கீழேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதினதையெல்லாம் உள்ளங்கையே அழித்துவிடும். எழுத்து வலப்பக்கம் சாயாமல் நிமிர்ந்து நின்றால் நிற்கட்டும். கண்ணி போடுகிற எழுத்துக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவள், புள்ளியைச் சுற்றிக் கை எடுக்காமல் வளைக்கத் தெரியும். “இது எல்லா? கோலத்துல பாதி பாட்டி” என்றாள்.

போன வாரம், “நீங்க பீச்சாங்கையால எழுதிக் காட்டுங்க டீச்சர் பாட்டி” என்று பென்சிலை நீட்டினாள். என் பெயரை எழுதினேன். அறுபத்தாறு வயதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. கடைசி எழுத்து கோட்டை விட்டு ஓடியே போயிற்று. அவள் சிரிக்கவில்லை. “தாளைச் சாய்ங்க பாட்டி” என்று அவளே திருப்பி வைத்தாள்.

1986 மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே போட வேண்டாம். அவனிடம் தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவன் இப்போது எந்தக் கையால் எழுதுகிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. பதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் அதுவும் சரி.

திங்கள் முதல் வியாழன் வரை சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. அந்த நேரத்தில் போன் பண்ணாதீர்கள், எடுக்க மாட்டேன்.